வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை: கடுமை அதிகமா, காவல் குறைவா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் குறிப்பைத் திறந்தாலும் ஒரே வரிதான்: ஜெர்மனி மீது 1919-இல் திணிக்கப்பட்ட வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் கடுமையே இரண்டாம் உலகப் போருக்குக் காரணம். மனப்பாடம் செய்ய வசதியான வரி, ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. கையெழுத்தானது 28 ஜூன் 1919. ஹிட்லர் பதவிக்கு வந்தது ஜனவரி 1933. நடுவில் பதின்மூன்றரை வருடம். அவ்வளவு கொடுமை என்றால் இத்தனை காலம் எப்படிப் பொறுத்தார்கள்? கடுமை, கடுமை என்கிறார்களே, எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழஞ்சுவடி:

சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. எதோடு ஒப்பிட்டு என்பதிலிருந்தே தொடங்கலாம்.

வெர்செய்ல்ஸில் ஜெர்மனி இழந்தது ஐரோப்பிய நிலப்பரப்பில் சுமார் 13 விழுக்காடு, மக்கள்தொகையில் சுமார் 10 விழுக்காடு. அல்சேஸ் லொரைன் பிரான்சுக்குத் திரும்பியது. கிழக்கில் போலந்துக்கு ஒரு பெரிய துண்டு போனது. குடியேற்ற நாடுகள் அத்தனையும் கைவிட்டுப் போயின. ராணுவம் ஒரு லட்சம் பேர்தான் இருக்கலாம். டாங்கி, போர் விமானம், நீர்மூழ்கி எதுவும் கூடாது. சார் நிலக்கரிப் பகுதி 15 ஆண்டுகளுக்குச் சர்வதேச சங்கத்தின் (League of Nations) பொறுப்பில் இருந்தது. இவற்றோடு இழப்பீடு.

அதற்கு ஒரே வருடம் முன்னால், 3 மார்ச் 1918 அன்று, பிரெஸ்ட்-லிடோவ்ஸ்கில் இதே ஜெர்மனி ரஷ்யாவோடு ஓர் உடன்படிக்கை போட்டது. அதில் ரஷ்யாவின் கையைவிட்டுப் போனது மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உக்ரைன், போலந்து, பால்டிக் பகுதிகள், நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பகுதி எல்லாம் போயின. அந்த மே மாதத்தில் ருமேனியாவுக்கும் இதே கதி. இன்னும் பின்னால் போனால் 1871. பிரான்ஸ் 500 கோடி பிராங்க் கட்ட வேண்டும், கட்டி முடிக்கும்வரை ஜெர்மன் படை பிரெஞ்சு மண்ணில் நிற்கும். 1873-க்குள் கட்டி முடித்தார்கள். அந்த ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது இதே வெர்செய்ல்ஸ் கண்ணாடி மண்டபத்தில், 18 ஜனவரி 1871 அன்று. இந்த உடன்படிக்கையை வகுத்த பாரிஸ் சமாதான மாநாடு தொடங்கியது 18 ஜனவரி 1919. பிரெஞ்சுக்காரர்கள் தேதியைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

ஜெர்மனி தானே மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் வெர்செய்ல்ஸ் நடுத்தரம்தான். நாடு ஒரே துண்டாக இருந்தது. பிஸ்மார்க் கட்டிய பேரரசை மறுபடி பழைய குறுநாடுகளாக உடைக்கவில்லை.

தேநீர்க்கடை:

முதல் உலகப் போர் இழை, பத்துப் பதிவு தாண்டுவதற்குள் யாராவது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்ட கதையைச் சொல்லியாக வேண்டும் என்பது மரபு. 22 செப்டம்பர் 1914 இரவு, சென்னைத் துறைமுகம், பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் பற்றி எரிந்தன. கடமை முடிந்தது.

நெறியாளர்:

எம்டனுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போகவும். இங்கே சமாதானத்தைப் பற்றி மட்டும்.

ரூர்வாசி:

நான் ஜேர்மனியில், ரூர் பகுதியில் இருப்பவன். பழஞ்சுவடி அவர்கள் எண்களை வடிவாக அடுக்கியிருக்கிறார். ஆனால் விழுக்காட்டை வைத்து அவமானத்தை அளக்க முடியாது.

1919 மே 7-ஆம் தேதி ஜேர்மன் குழுவைக் கூப்பிட்டு ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார்கள். 440 பிரிவுகள். நேரில் பேச்சுவார்த்தை கிடையாது, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடு என்றார்கள். வெளியுறவு அமைச்சர் பிராக்டோர்ஃப்-ரன்ட்சாவ் உட்கார்ந்தபடியே பதில் பேசினார், அதையே பெரிய மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் போர் நின்ற பிறகும் கடல் முற்றுகையை எடுக்கவில்லை, 1919 ஜூலை வரை நீடித்தது. பசியில் இருந்த சனத்துக்கு முன்னால் பேனாவை நீட்டினால் அது என்ன சமாதானம்?

அமெரிக்க அதிபர் வில்சனின் 14 அம்ச சமாதானத் திட்டத்தை நம்பித்தான் ஜேர்மன்காரர் சண்டையை நிறுத்தக் கேட்டார்கள். அதில் சொன்ன சுயநிர்ணயம் போலந்துக்கு உண்டு, செக் மக்களுக்கு உண்டு. ஒஸ்திரியா மக்கள் ஜேர்மனியோடு சேர விரும்பினால் மட்டும் கூடாது. 80-ஆம் பிரிவைப் பாருங்கள்.

அடுத்தது 1923. இழப்பீட்டில் மரமும் நிலக்கரியும் பாக்கி என்று சொல்லி, ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூருக்குள் நுழைந்தன. மார்ச் 31, ஈஸ்டருக்கு முதல் நாள், எசன் நகரில் க்ரூப் தொழிற்சாலை. வாகனங்களைக் கணக்கெடுக்க ஒரு சிறு பிரெஞ்சுப் படைப்பிரிவு வந்தது. ஆலைச் சங்குகள் ஊதின. தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்து கூடினார்கள், ஆயிரக்கணக்கில். கூட்டம் நெருங்க நெருங்கப் படைவீரர்கள் பயந்து சுட்டார்கள், 13 பேர் செத்தார்கள். பிறகு பிரெஞ்சு ராணுவ நீதிமன்றம் முதலாளி குஸ்டாவ் க்ரூப்புக்கு 15 வருடச் சிறை என்று தீர்ப்புச் சொன்னது. சில மாதங்களில் விட்டுவிட்டார்கள், அது வேறு. சமாதானம் கையெழுத்தாகி நாலு வருடத்துக்குப் பிறகு நடந்தது இது.

கணக்கர்:

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க வங்கியில் கடன் பத்திரம் பார்த்தவன், இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு.

எல்லாக் குறிப்புகளிலும் 13,200 கோடி தங்க மார்க் என்று ஒரு தொகை இருக்கும். முதலில் ஒன்று, அந்தத் தொகை உடன்படிக்கையில் இல்லவே இல்லை. 1919-இல் தொகையை முடிவு செய்ய முடியாமல் ஓர் ஆணையத்திடம் தள்ளிவிட்டார்கள். பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் 1918 டிசம்பர் தேர்தலில் ஜெர்மனியைப் பிழிந்தெடுப்போம் என்ற அலையில் ஜெயித்து வந்தவர். குறைந்த தொகை சொன்னால் லண்டனில் அடி, அதிகம் சொன்னால் ஜெர்மனி கையெழுத்துப் போடாது. ஆகவே நிரப்பாத காசோலை. மே 1921-இல்தான் லண்டனில் தொகை வந்தது.

வந்த தொகையையும் மூன்று வகைப் பத்திரமாகப் பிரித்தார்கள். ஏ வகை 1,200 கோடி, பி வகை 3,800 கோடி, இரண்டும் சேர்த்து 5,000 கோடி. இதற்கு வட்டி உண்டு, தவணை உண்டு. மீதி 8,200 கோடி சி வகை. அதை ஜெர்மனியின் வசதி பெருகினால் பிறகு வெளியிடுவோம் என்று வைத்தார்கள். எப்போது பெருகும், யார் முடிவு செய்வது என்பதெல்லாம் காற்றில். சி வகை வசூலாகாது என்று போட்டவர்களுக்கே தெரியும். பிரெஞ்சு வாக்காளரும் பிரிட்டிஷ் வாக்காளரும் பெரிய எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும், அதற்காகத்தான் அது. வங்கியில் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்காமல் சொத்துப் பக்கமே வைத்து அழகு பார்ப்பார்கள் இல்லையா, அது மாதிரி.

விபரீதம் என்னவென்றால் அந்தப் பெரிய எண்ணை ஜெர்மன் வாக்காளரும் பார்த்தார். பாரிசில் ஆறுதல் தந்த அதே 13,200 கோடி பெர்லினில் வெறியைக் கிளப்பியது.

உண்மையில் 1932 வரை கட்டியது எவ்வளவு? சுமார் 2,000 கோடி தங்க மார்க். 1924-இல் டாவ்ஸ் திட்டம் வந்து தவணையைக் குறைத்தார்கள். அதன்பிறகு அமெரிக்கக் கடன் கொட்டியது. வெளியிலிருந்து ஜெர்மனி வாங்கிய கடன், இழப்பீடாகக் கட்டியதைவிட அதிகம். அந்தக் கடனிலும் பெரும்பகுதி 1930-களில் திரும்பவில்லை. ஒருவிதத்தில் அமெரிக்க முதலீட்டாளர்தான் பிரான்சுக்கு இழப்பீடு கட்டினார் என்று சொல்லலாம்.

வைகைக்கரை:

கணக்கர் ஐயா, அப்படியென்றால் தள்ளுவண்டியில் பணத்தைக் கட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போனார்கள் என்பது? அது இழப்பீட்டால் வந்ததுதானே?

கணக்கர்:

பாதிக் கதை. போருக்கு வேண்டிய பணத்தை ஜெர்மனி வரி போட்டுத் திரட்டவில்லை, மக்களிடம் போர்ப் பத்திரம் விற்றுத் திரட்டியது. ஜெயித்துவிட்டால் தோற்றவனிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. தோற்றாயிற்று. பணவீக்கம் 1914-லேயே முளைவிட்டுவிட்டது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். ரூருக்குள் படை வந்ததும் அரசு என்ன செய்தது? யாரும் வேலை செய்யாதீர்கள், சம்பளம் நாங்கள் தருகிறோம் என்றது. வரி வருமானம் இல்லை, ரூர் நிலக்கரியும் இல்லை, அச்சடித்தே சம்பளம் கொடுத்தார்கள். நவம்பர் 1923-இல் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். எண்ணில் பிழை இல்லை, லட்சம் கோடிதான்.

இழப்பீட்டைத் தங்கமாகவோ பொருளாகவோ கட்ட வேண்டும். காகித மார்க்கை அச்சடித்து அந்தக் கடனை அடைக்க முடியாது. ஆனால் சொந்த மக்களுக்குத் தர வேண்டிய போர்ப் பத்திரக் கடன் அந்த ஒரு வருடத்தில் காணாமல் போனது. ஓய்வூதியக்காரர், ஆசிரியர், சின்னக் கடைக்காரர் சேமிப்பெல்லாம் ஒரு தபால் தலை விலைக்குக்கூடத் தேறவில்லை. அரசுக்கு லாபம், நடுத்தர வர்க்கத்துக்கு நாசம். பழியை மட்டும் வெர்செய்ல்ஸ் மேல் எழுதிவிட்டார்கள்.

ரூர்வாசி:

படையே வரவில்லை என்றால் அந்த வேலைநிறுத்தமும் இல்லை, அச்சடிப்பும் அந்த அளவுக்குப் போயிருக்காது. அதையும் கணக்கில் எழுதுங்கோ.

கணக்கர்:

எழுதுகிறேன். பக்கத்திலேயே இன்னொன்றும் எழுத வேண்டும். பின்வாங்கிய ஜெர்மன் படை வட பிரான்சில் லான்ஸ் சுரங்கங்களைத் தண்ணீர் விட்டு மூழ்கடித்துவிட்டுப் போனது. அந்தச் சுரங்கங்களைச் சரிசெய்ய வருடக்கணக்கில் ஆனது. அதுவரை பிரெஞ்சு ஆலைக்கு யார் நிலக்கரி தருவது?

அன்னம்:

இத்தனை பதிவாகியும் பாரிஸ், பெர்லின், லண்டன் தாண்டி யாரும் நகரவில்லை. அந்த மாநாட்டில் முப்பதுக்கு நெருக்கமான நாடுகள் உட்கார்ந்திருந்தன. கடுமை யார்மீது என்று கேட்டால் என் பதில் வேறு.

சீனாவைப் பாருங்கள். நேசநாடுகளுக்காகச் சுமார் 1,40,000 தொழிலாளர்களை மேற்கு முனைக்கு அனுப்பிய நாடு. பதுங்குகுழி வெட்டினார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். ஷாண்டொங் மாகாணத்தில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகள் தங்களுக்குத் திரும்பி வரும் என்று நம்பினார்கள். மாநாடு அதைத் தூக்கி ஜப்பானிடம் கொடுத்தது. செய்தி எட்டியதும் 4 மே 1919 அன்று பெய்ஜிங் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஜப்பான் ஆதரவு அமைச்சர் ஒருவரின் வீட்டைக் கொளுத்தினார்கள். ஜூன் 28 அன்று கண்ணாடி மண்டபத்தில் சீனப் பிரதிநிதிகளின் நாற்காலிகள் காலி. அந்த மே மாதத்துக் கிளர்ச்சியிலிருந்து வந்தவர்கள்தான் இரண்டு வருடம் கழித்துச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள்.

ஜப்பானுக்கும் முழுத் திருப்தி இல்லை. சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் இனச் சமத்துவம் பற்றி ஒரு வரி சேருங்கள் என்று கேட்டார்கள். 11 ஏப்ரல் 1919 அன்று வாக்கெடுப்பு. 17-இல் 11 பேர் ஆதரவு. தலைமையில் இருந்த வில்சன், ஒருமனதாக இல்லை, ஆகவே செல்லாது என்று தள்ளிவிட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ் குறுக்கே படுத்துக்கொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணம்.

நம்முடைய பங்கு இன்னும் வேடிக்கை. இந்தியாவும் வெர்செய்ல்ஸில் கையெழுத்துப் போட்ட நாடு. போட்டவர்கள் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும். அதே வருட மார்ச்சில் ரௌலட் சட்டம், ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களையும் கூலியாட்களையும் கடல் தாண்டி அனுப்பி, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த நாட்டுக்குச் சர்வதேச சங்கத்தில் ஓர் இருக்கை கிடைத்தது, சொந்த ஊரில் விசாரணை இல்லாத சிறை கிடைத்தது. மெசபடோமியாவைத் துருக்கியரிடமிருந்து பிடித்ததில் பெரும்பகுதி இந்தியப் படை. அதை ஆணையாட்சி என்று சொல்லிப் பிரிட்டன் எடுத்துக்கொண்டது, 1920-இல் ஈராக்கியர்கள் எழுந்தபோது அடக்கப் போனதும் இந்தியப் படை.

இந்தக் கிளர்ச்சிகளை எல்லாம் விட்டுவிட்டு ஜெர்மனியின் மனக்காயத்தை மட்டும் ஆராய்ச்சி செய்வது ஐரோப்பியப் பழக்கம். நம் குறிப்பேடுகளும் அதையே காப்பி அடிக்கின்றன.

பழஞ்சுவடி:

அன்னம் அம்மா சொன்னதிலிருந்தே என் வாதத்துக்கு நல்ல பிடி கிடைக்கிறது. துருக்கி.

பாரிஸில் போட்ட உடன்படிக்கைகளிலேயே கொடூரமானது எது என்றால், வெர்செய்ல்ஸ் இல்லை, ஹங்கேரிக்கு ட்ரியனான், துருக்கிக்கு செவ்ரே. ஹங்கேரி மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்தது. செவ்ரே உடன்படிக்கை 10 ஆகஸ்ட் 1920 அன்று கையெழுத்தானது. அரபு நிலங்கள் போயின, ஆர்மேனியாவுக்கு ஒரு நாடு, குர்துகளுக்குத் தன்னாட்சி, இஸ்மீர் வட்டாரம் கிரேக்கர் கையில், ஜலசந்திகள் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில். இஸ்தான்புல் சுல்தானின் ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள். அங்காராவில் முஸ்தபா கெமால் அதை ஏற்கவே இல்லை. 1921-இல் சக்காரியா ஆற்றங்கரையில் கிரேக்கப் படையைத் தடுத்து நிறுத்தினார், 1922 செப்டம்பரில் கடலுக்கே துரத்தினார். இஸ்மீர் எரிந்தது.

அடுத்து கெமாலின் படை ஜலசந்தியில் பிரிட்டிஷ் காவலுக்கு நேர் எதிரே வந்து நின்றது. லாயிட் ஜார்ஜ் மோதத் தயார். பிரான்ஸ் தன் ஆட்களை விலக்கிக்கொண்டது, கனடாவும் ஆஸ்திரேலியாவும் வர மறுத்தன. சில வாரங்களில் லாயிட் ஜார்ஜின் பதவியே போனது. 24 ஜூலை 1923 அன்று லோசானில் புது உடன்படிக்கை. இழப்பீடு இல்லை, ஆர்மேனியா இல்லை, குர்து தன்னாட்சி இல்லை. சுமார் 12 லட்சம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்களும் 4 லட்சம் அளவுக்கு முஸ்லிம்களும் ஊர் மாற்றப்பட்டார்கள், பலர் அதற்கு முன்பே ஓடி வந்துவிட்டிருந்தார்கள்.

நம் கிலாபத் இயக்கம் இந்தச் செவ்ரேயை எதிர்த்துத்தான். நிபந்தனையைத் தளர்த்துங்கள் என்று இந்திய அரசே லண்டனுக்குத் தந்தி அடித்தது. அமைச்சரவையைக் கேட்காமல் அந்தத் தந்தியை வெளியிட்டதற்காக மாண்டேகு 1922 மார்ச்சில் பதவி விலக வேண்டியிருந்தது. வெர்செய்ல்ஸில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்ட அதே மாண்டேகுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன்? கடுமையான உடன்படிக்கையைக் காப்பாற்ற ஆள் இல்லை என்றால் அது மூன்று வருடத்தில் கிழியும் என்று எல்லோரும் 1923-லேயே பார்த்துவிட்டார்கள். பெர்லினிலும் பார்த்தார்கள். வெர்செய்ல்ஸுக்கும் காவல் இல்லை. ரைன் கரையை நிரந்தரமாகப் பிரித்துவிட வேண்டும் என்றார் நேசப்படைத் தளபதி ஃபோஷ். பிரெஞ்சுப் பிரதமர் க்ளெமான்சோ அதை விட்டுக்கொடுத்து, ஈடாகப் பிரிட்டனும் அமெரிக்காவும் பிரான்சுக்குத் துணை நிற்கும் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டார். அமெரிக்க செனட் வெர்செய்ல்ஸையே இரண்டு தடவை நிராகரித்தது, நவம்பர் 1919-இல் ஒருமுறை, மார்ச் 1920-இல் ஒருமுறை. பிரான்சுக்கான அந்த உத்தரவாதம் செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அமெரிக்கா இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று பிரிட்டனும் கழன்றுகொண்டது. ரூருக்குள் போன பிரான்சின் பயத்துக்கு இதுதான் பின்னணி, ரூர்வாசி அண்ணா.

1927-இல் ஆயுதக் கண்காணிப்புக் குழு ஊர் திரும்பியது. அதற்கு முன்பே ஜெர்மன் விமானிகள் ரஷ்யாவில் லிபெட்ஸ்க் என்ற ஊரில் ரகசியமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1935 வரை ரைன் கரையில் இருந்திருக்க வேண்டிய படை 1930 ஜூன் 30 அன்றே கிளம்பிவிட்டது. 1935-இல் பிரிட்டன் தானே ஜெர்மனியோடு கடற்படை ஒப்பந்தம் போட்டு, கூடாது என்று வெர்செய்ல்ஸ் சொன்ன நீர்மூழ்கிக்கு அனுமதி கொடுத்தது. 1936 மார்ச்சில் ஹிட்லர் ரைன் பகுதிக்குள் படையை அனுப்பியபோது தடுக்க யாரும் அசையவில்லை. இத்தனையையும் பார்த்துவிட்டு உடன்படிக்கை கடுமையாக இருந்ததுதான் கோளாறு என்றால் எப்படி?

தேநீர்க்கடை:

அப்போ நேராக பெர்லினுக்கே போய் முடித்திருக்க வேண்டியதுதானே 1918-இல்? எதற்கு நடுவழியில் நிறுத்தினார்கள்?

ரூர்வாசி:

அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் அதைத்தான் சொன்னார், முழுச் சரணடைவு வேண்டும் என்று அக்டோபர் 30 அன்று எழுதியே கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. பிரான்சில் அதற்குள் 13 லட்சத்துக்கு மேல் செத்திருந்தார்கள். கேட்டதெல்லாம் காகிதத்தில் கிடைக்கும்போது இன்னும் ஏன் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க வேண்டும் என்பது ஃபோஷின் நிலை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதனால் வந்த வினை பெரியது, இதில் பழஞ்சுவடியோடு ஒத்துப்போகிறேன். 1918 செப்டம்பர் 29 அன்று ஜேர்மன் தளபதி லூடன்டார்ஃப் ஸ்பா தலைமையகத்தில், உடனே போர்நிறுத்தம் கேளுங்கள், படை தாங்காது என்று பேரரசர் கைசரிடம் சொல்லிவிட்டார். கேட்கப்போகும் பொறுப்பை மட்டும் நாடாளுமன்றக் கட்சிகளிடம் தள்ளிவிட்டார். அவர்கள் கிண்டியதை அவர்களே குடிக்கட்டும் என்ற தொனியில் தன் அதிகாரிகளிடம் பேசினார். கொம்பியேன் காட்டில் ஃபோஷின் ரயில் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தவர் தளபதி இல்லை, மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற கத்தோலிக்க மத்தியக் கட்சி அரசியல்வாதி. யோசிக்க 72 மணி நேரம் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் கைசர் முடி துறந்தார், எந்த அரசாங்கத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதே மாறிப்போனது. நவம்பர் 11 விடிகாலை ஐந்து மணி தாண்டிக் கையெழுத்து, பகல் பதினொன்றுக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

அப்போதும் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நின்றது. ரைன் பக்கம் நேசப்படையின் ஒரு ஆள்கூட எட்டவில்லை. ஊருக்குத் திரும்பிய படையை பிராண்டன்பர்க் வாயிலில் வரவேற்ற எபேர்ட், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்ற பொருளில் பேசினார். சோசலிசக் கட்சித் தலைவர், நல்ல மனிதர், படையைச் சமாதானப்படுத்தச் சொன்னது. அதே வார்த்தையை வைத்துத்தான் பிறகு அவரையே அடித்தார்கள். அடுத்த வருடம் முன்னாள் தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க் விசாரணைக் குழு முன்னால், படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். எர்ட்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்டில் கறுங்காட்டில் நடந்து போகும்போது முன்னாள் படை அதிகாரிகள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். தோற்றவர் லூடன்டார்ஃப், குண்டு வாங்கியவர் எர்ட்ஸ்பெர்கர்.

தோற்றோம் என்பதையே நம்பாத சனத்துக்கு எந்த நிபந்தனை கொடுத்தாலும் அநியாயமாகத்தான் படும். ஆகவே எனக்குக் கடுமையும் முக்கியம், இந்தப் பொய்யும் முக்கியம்.

கணக்கர்:

தேர்தல் எண்களையும் பார்த்துவிடலாம். மே 1928: நாஜிக் கட்சிக்கு 2.6 விழுக்காடு. செப்டம்பர் 1930: 18.3. ஜூலை 1932: 37.3. இந்த மூன்று தேர்தலிலும் உடன்படிக்கை ஒன்றேதான், சொல்லப்போனால் வருடத்துக்கு வருடம் இளகிக்கொண்டே வந்தது. 1929-இல் யங் திட்டம் தொகையைக் குறைத்தது, 1931-இல் அமெரிக்க அதிபர் ஹூவர் ஒரு வருடம் தள்ளிவைத்தார், 1932 கோடையில் லோசானில் இழப்பீட்டுக்கே முழுக்குப் போட்டார்கள். ஏறியது வேலையின்மை, 1932 தொடக்கத்தில் 60 லட்சம் பேர். வெர்செய்ல்ஸ் இல்லாவிட்டாலும் அந்தப் பசி வந்திருக்கும்.

ரூர்வாசி:

பசித்தவன் யார்மீது பாய வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது எது? யங் திட்டத்தை எதிர்த்து 1929-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். பத்திரிகை முதலாளி ஹூகன்பெர்க் ஹிட்லரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். வாக்கெடுப்பு தோற்றது, ஆனால் அந்தக் கூட்டு ஹிட்லரை நாடு முழுக்க மதிப்புள்ள மேடைகளில் ஏற்றிவிட்டது. தொகை இளகினாலும் கோஷத்துக்கு அது போதும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதலாமா பாருங்கள்: உடன்படிக்கையின் நிபந்தனைகள் கடுமையானவை, ஆனால் அக்கால வழக்கத்தை மீறியவை அல்ல, 231-ஆம் பிரிவின் போர்க் குற்றச்சாட்டு ஜெர்மானியரைப் புண்படுத்தியது, அமெரிக்கா விலகியதால் அமலாக்கம் தளர்ந்தது, தோல்வியை ஏற்காத மனநிலையும் 1929-க்குப் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியும் நாஜிகளுக்கு வழி திறந்தன. அன்னம் அக்கா சொன்ன சீனா, இந்தியா, துருக்கி தனிப் பத்தி.

பழஞ்சுவடி:

நன்றாக இருக்கிறது. 231-க்கு மட்டும் ஒரு வரி கூட்டுங்கள். அதை வரைந்தவர்களில் ஒருவர் இளம் அமெரிக்க வழக்கறிஞர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், 1950-களில் வெளியுறவுச் செயலராக இருந்தாரே, அவர்தான். கொள்கையளவில் முழுச் சேதத்துக்கும் ஜெர்மனி பொறுப்பு என்று 231 சொல்கிறது. முழுவதையும் கட்டும் வசதி அவர்களுக்கு இல்லை என்று அடுத்த பிரிவு 232 ஒப்புக்கொள்கிறது. சட்டப்படி பார்த்தால் பொறுப்பைக் குறுக்குவதற்கான ஏற்பாடு. ஆஸ்திரியா உடன்படிக்கையில் 177, ஹங்கேரிக்கு 161, கிட்டத்தட்ட அதே வாசகம்.

ரூர்வாசி:

சட்டப்படி சரி. கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்து மேசை அருகே, முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுப் படைவீரர்களை க்ளெமான்சோ உட்கார வைத்திருந்தார். ஹெர்மன் முல்லரும் யோகான்னஸ் பெல்லும் அவர்களைத் தாண்டித்தான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரும் போரைத் தொடங்கியவர்கள் இல்லை. 231-ஐ எப்படி வாசிக்க வேண்டும் என்று அங்கேயே காட்டிவிட்டார்கள். உங்கள் விடையில் கடுமை என்ற சொல்லைச் சின்னதாக்கிவிடாதீர்கள், தம்பி.

அன்னம்:

அந்த ஐந்து பேரின் முகத்தைச் சிதைத்தது யார் என்றும் ஒரு கேள்வி இருக்கிறதே.

வைகைக்கரை:

சரி, இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று கணக்கர் ஐயாவிடம்: இழப்பீட்டை ஜெர்மனி 2010-இல்தான் கட்டி முடித்தது என்று ஒரு துணுக்கு சுற்றுகிறது. 1932-லேயே முழுக்கு என்கிறீர்களே?

கணக்கர்:

இரண்டும் சரிதான். 2010-இல் கட்டியது இழப்பீடு இல்லை, இழப்பீடு கட்டுவதற்காக டாவ்ஸ், யங் திட்டங்களில் வெளிச்சந்தையில் வாங்கிய கடன் பத்திரங்களின் பாக்கி. ஹிட்லர் கட்ட மறுத்ததை 1953 லண்டன் கடன் ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனி ஏற்றுக்கொண்டது. வட்டியில் ஒரு பகுதியை மட்டும், நாடு ஒன்றுசேர்ந்தால் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். யாரும் எதிர்பார்க்காமல் 1990-இல் ஒன்றுசேர்ந்தது, பத்திரம் வைத்திருந்தவர்கள் வந்து நின்றார்கள். கடைசித் தவணை 3 அக்டோபர் 2010. தேர்வில் கேட்டால் இழப்பீடு என்று எழுதாமல் கடன் பத்திரம் என்று எழுதுங்கள்.